ருக்மணி இழுத்த ஹேண்ட்பிரேக்

புத்தலப்பட்டில் போய் முனிகிருஷ்ணன் ஷெட் எது என்று கேட்டால் யாரும் கை காட்டிவிடுவார்கள். சித்தூர் - திருப்பதி ரோட்டில் பிரேக் வேலை என்றால் அவன்தான். மாம்பழக் கூழ் ஃபேக்டரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, ஊருக்கு நாலு பேர் பிக்கப் வாங்கி ஓட்ட ஆரம்பித்த காலத்தில் அந்த ஷெட்டைப் போட்டான். ஃபேக்டரி வாசல் மேட்டில் லோடோடு வரிசையில் நிற்கிற வண்டிக்கு ஹேண்ட்பிரேக் பிடிக்காவிட்டால் பின்னால் நிற்கிறவன் கதி என்ன? மாங்காய் சீசன் வந்தால் அவனுக்கு மூச்சு விட நேரம் இருக்காது.

இந்த ஹேண்ட்பிரேக் வேலையில் ஒரு தொல்லை, அதற்கு இரண்டு பேர் வேண்டும். பின்சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, டிரம்முக்குள் உரசிப் பிடிக்கிற ஷூவைச் சரிசெய்து, கீழே படுத்துக் கேபிள் நட்டை முடுக்க ஓர் ஆள். மேலே சீட்டில் உட்கார்ந்து லீவரை டிக் டிக்கென்று ஒவ்வொரு பல்லாக இழுக்க இன்னோர் ஆள். மூன்றாவது பல்லில் சக்கரம் உரச வேண்டும், ஐந்தாவது பல்லில் அசையாமல் நின்றுவிட வேண்டும். கல்யாணமான புதிதில் மேலே உட்கார்ந்து இழுத்தவள் அவன் பெண்டாட்டி ருக்மணி. பாலசமுத்திரத்துப் பெண். கழனிக் கூலிக்குப் போய்ப் பழகிய கை, லீவரைப் பிடித்தால் அப்படி ஒரு நிதானம். "மூணு" என்பாள். கீழேயிருந்து சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து "உரசுது" என்பான். "நாலு" என்பாள். வேறு பேச்சே கிடையாது. முனிகிருஷ்ணன் வாயிலிருந்து வார்த்தையைப் பிடுங்குவதற்குத் துருப்பிடித்த நட்டைக் கழற்றிவிடலாம்.

அந்த ருக்மணி குவைத்துக்குப் போனாள். மழைக்கு ஒழுகாத வீடு ஒன்று வேண்டும் என்று இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவுதான். அப்போதெல்லாம் அந்தச் சுற்று வட்டாரத்தில் தெருவுக்கு ஒரு பெண் அரபுக்காரர் வீட்டில் சமைக்கவும் பிள்ளை பார்க்கவும் போய்க்கொண்டிருந்தாள். இவர்களுக்குப் பிள்ளை இல்லை. "யாரைப் பாத்துக்கறதுக்கு நீ இங்க இருக்கணும்?" என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். அவர்களுக்கென்ன, கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

அதன் பிறகு அவன் அந்த வேலையைத் தனியாளாகச் செய்தான். பார்த்தால் சிரிப்பு வரும். மேலே ஏறி ஒரு பல் இழுப்பான், இறங்கி வந்து சக்கரத்தைச் சுற்றுவான், கீழே படுத்து நட்டை முடுக்குவான், மறுபடி ஏறுவான். "நான் இழுக்கறேண்ணா" என்று டிரைவர்கள் வந்தால், "நீ போயி டீ குடிச்சிட்டு வா" என்று விரட்டிவிடுவான். அவள் உட்கார்ந்த இடத்தில் இன்னொருத்தன் உட்கார்ந்து "மூணு" என்று சொல்வதை அவனால் தாங்க முடியவில்லை. அவ்வளவு ஏக்கம் மனுஷனுக்கு. ஆனால் பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்கு அவள் போன் வந்தால் மட்டும், "துன்னியா? ஒடம்பு நல்லாக்கீதா? சரி, வச்சிடு" என்று முடித்துக்கொள்வான். இந்த மாதிரி ஆளை என்ன செய்வது?

முதல் தடவை அவள் லீவில் வந்தபோது வீட்டுக்குச் சுவர் மட்டும்தான் எழும்பியிருந்தது. இரண்டாவது தடவை வந்தபோது தளம் போட்டு, வெள்ளையும் அடித்தாகிவிட்டது. இனி எதற்குப் போக வேண்டும்? இந்தக் கேள்வியை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு லீவு பூராவும் திரிந்தான். அவள் சரியாகச் சாப்பிடவில்லை, தட்டில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். போக மனசில்லாமல்தான் இப்படி இருக்கிறாள் என்று நினைத்து உள்ளுக்குள் சந்தோஷப்பட்டான். அவளாகவே சொல்லட்டும் என்று காத்திருந்தான், அவள் சொல்லவில்லை.

கிளம்பும் நாள் வந்துவிட்டது. அவளை மெட்ராஸ் ஏர்போர்ட்டில் விட்டுவர, தக்காளி வியாபாரி கங்கையா தன் பிக்கப்பை முதல் நாளே கொடுத்திருந்தார். ஹேண்ட்பிரேக்கைப் பார்த்துவிட்டு நீயே ஓட்டிக்கொண்டு போய் வா என்று பேச்சு. முனிகிருஷ்ணன் அன்று காலையில்தான் அந்த வண்டியில் கை வைத்தான். பிளேனைத் தவறவிட வைக்கத் திட்டம் போட்டான் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் டிரம்மைக் கழற்றித் துடைத்து மாட்டியவன், அதையே மறுபடி கழற்றித் துடைத்துக்கொண்டிருந்ததை ரோட்டில் போனவர்கள் எல்லாம் பார்த்தார்கள்.

"முனி, அயிப்போயிந்தா?" என்று, முடிந்துவிட்டதா எனத் தெலுங்கில் கேட்டுக்கொண்டே கங்கையா வந்து எட்டிப் பார்த்தார்.

"ஹேண்ட்பிரேக் இல்லாத வண்டில அவளை ஏத்திக்கினு போவ முடியாது."

"ஏம்பா, மெட்ராசு ரோட்டுல எந்த மலைமேல நிறுத்தப் போறே?" என்று தலையில் அடித்துக்கொண்டு போனார் அவர்.

கடைசியில் ருக்மணியே ஷெட்டுக்கு வந்தாள். ஊருக்குப் போகக் கட்டிய புதுப் புடவையோடு சீட்டில் ஏறி உட்கார்ந்து லீவரைப் பிடித்தாள்.

"போயி கீழ படு. நான் இழுக்கறேன்."

அவன் போய்ப் படுத்தான்.

"மூணு," என்றாள். சக்கரம் உரசியது.

"நாலு."

"அஞ்சு." சக்கரம் நின்றுவிட்டது. இரண்டு கையாலும் திருகிப் பார்த்தான், இம்மியும் அசையவில்லை.

"புடிக்கல," என்றான்.

அவள் லீவரை இறக்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து இழுத்தாள். "புடிக்கல," என்றான். மூன்றாவது முறையும் இழுத்தாள். அப்போதும் அதையே சொன்னான்.

"மாமா, அது எப்பவோ புடிச்சிக்கிச்சி. என் கைக்கே தெரியுது."

முகம் பார்க்க வேண்டியதில்லை என்ற தைரியமோ என்னவோ, அத்தனை நாள் வராத வார்த்தை வண்டிக்கடியில் வந்தது.

"போவாதே ருக்கு. ஊடு கட்டியாச்சி. நீ இல்லாம என்னால முடியல."

மேலே அவள் லீவரிலிருந்து கையை எடுத்தாள்.

"இத போன தபா கேட்டிருக்கக் கூடாதா? நீ கேப்பே, இப்ப கேப்பேன்னு ஏர்போர்ட்டு வரைக்கும் ஒன் மூஞ்சியவே பாத்துக்கினு வந்தேன். ஒரு வார்த்த சொல்லியிருந்தா பொட்டியத் தூக்கிக்கினு திரும்பி வந்திருப்பேன்."

"இப்பக் கேக்கறேனே."

"இப்ப அங்க ஒரு கொழந்த கீது மாமா. அந்த ஊட்டுப் பொண்ணு. போன தபா நான் லீவுல வர்றதுக்கு முந்தியெல்லாம், அது என்னைப் பாத்தாலே அழுவும். இப்ப என்னைக் காணலன்னா அழுவுது. என் வெரலப் புடிச்சிக்கினாதான் தூங்கும். இத்தினி நாளா அது எப்டித் தூங்குதோன்னு நெனச்சி நெனச்சி எனக்கு இங்க சோறே எறங்கல."

அவன் அப்படியே படுத்திருந்தான். கோபம் வரும் என்று பார்த்தான், வரவில்லை. அவள் சாப்பிடாமல் எழுந்துபோனதும், அதைப் பார்த்துத் தான் சந்தோஷப்பட்டதும்தான் நினைவுக்கு வந்தன. எழுந்து ஜாக்கியை இறக்கினான், கையில் சோப்புப் போட்டுக் கழுவினான், அவள் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தான். வண்டி சித்தூரைத் தாண்டியது.

"அதுக்கு இன்னா பேரு?" என்று கேட்டான்.

"நூரா."

அவ்வளவுதான், பிறகு அவள் நிறுத்தவில்லை. நூரா சோற்றைத் துப்பிவிட்டுச் சிரிப்பது, "வா, போ" என்று தமிழ் பேசுவது, நூராவுக்குக் காய்ச்சல் வந்த அன்று இவள் அழுதது. ராணிப்பேட்டை போயிற்று, காஞ்சிபுரம் போயிற்று, அவள் பேசிக்கொண்டே வந்தாள். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் அவனிடம் இவ்வளவு பேசியதே இல்லை. ஸ்ரீபெரும்புதூர் கிட்டே தண்ணீர் குடிக்கப் பேச்சை நிறுத்தினாள். முனிகிருஷ்ணன் வண்டியை இன்னும் மெதுவாக்கிக்கொண்டு, "அப்பறம்?" என்று கேட்டான்.