அண்ணன் கட்டிய இடக்கை முடிச்சு

இந்நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உற்றார் உறவினர்க்கும், அண்ணன் அவர்களோடு ஆலையில் உழைத்த அன்பர்களுக்கும் என் வணக்கம். திதிப்படி வரவேண்டிய திவசம் சென்ற வாரமே நிறைவுற்றது. தேதிப்படி ஓராண்டு நிறையும் இன்று, இராஜபாளையத்தில் அண்ணன் வாழ்ந்த இவ்வீட்டிலேயே நாம் கூடியிருக்கிறோம். இம்மலருக்கென நான் முதலில் எழுதிய கட்டுரை அச்சகத்திற்குச் சென்றுவிட்டது. அதைத் திரும்பப் பெற்று இதை எழுதியிருக்கிறேன். அண்ணனின் வாழ்வைச் சொல்வது ஒரு நோக்கம். அண்ணனுக்கு மிகவும் பிரியமான இசைத்தட்டைக் களவாடினார் என்று நம்மில் பலர் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கும் ஒருவரின் மீதுள்ள பழியை நீக்குவது மற்றொரு நோக்கம். அந்த ஒருவர் அண்ணனின் ஒரே மகளை மணந்த மாப்பிள்ளை.

அண்ணன் பிறந்தது வத்திராயிருப்பில். எங்கள் தந்தையார் குத்தகைத் தென்னந்தோப்பில் பாடுபட்டவர். மழை பொய்த்த காலத்தில் தோப்பு கைவிட்டுப் போகவே, அண்ணன் இளம் வயதிலேயே இராஜபாளையம் நூற்பாலையில் வேலைக்குச் சேர்ந்தார். நூல் சுற்றும் பிரிவில் அறுந்த நூலை முடிச்சிட்டு இணைப்பது அவருடைய பணி. அப்பிரிவில் இடக்கைப் பழக்கம் உள்ளவர் அவர் ஒருவரே. பிறர் இடும் முடிச்சில் நூலின் வால் வலப்புறம் கிடக்கும். அண்ணன் இட்ட முடிச்சில் இடப்புறம் கிடக்கும். ஓய்வு பெறும்வரை அந்த இடக்கையே எங்கள் அனைவருக்கும் சோறிட்டது. எட்டாம் வகுப்போடு நின்று, ஆலங்குளம் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிப் பிழைத்த நான், நூலகத்தில் அமர்ந்து தமிழ் கற்றதும் அவர் தூண்டுதலால்தான்.

அண்ணனிடம் இரண்டு குணங்கள் ஓங்கி நின்றன. ஒன்று இசைப் பற்று. மற்றொன்று சந்தேகம். இரண்டும் பிரியாமல் வாழ்ந்தன. தொழிலை விட்டு ஊர் பெயர்ந்த ஒரு மைக் செட்காரரிடமிருந்து இசைத்தட்டு சுழற்றும் பெட்டி ஒன்று அண்ணனுக்கு வந்து சேர்ந்தது. அதனோடு சில இசைத்தட்டுகளும் வந்தன. தட்டுகள் பெருகப் பெருக, கண்ணாடி பீரோ ஒன்று செய்வித்தார். அடிக்கடி கேட்காத தட்டுகளின் உறைகளை ஆலை நூலால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி முடிச்சிட்டு வைப்பார். வேறு எவரேனும் அவிழ்த்துக் கட்டியிருந்தால் நூலின் வால் திசை மாறிக் காட்டிக்கொடுக்கும். மதினியாருக்குத் தூசி தட்டக்கூடப் பீரோவைத் திறக்க அனுமதி இல்லை.

ஒலிநாடாக் காலத்தில், நாம் விரும்பும் பாடல்களை எழுதிக் கொடுத்தால் ஒரே நாடாவில் பதிந்து தரும் கடைகள் இருந்தன. அவ்வாறு பதிந்து வாங்கிய முதல் நாடாவைக் கேட்டதும் அண்ணன் மிதிவண்டியை எடுத்துக்கொண்டு கடைக்கே சென்றார். நானும் உடன் சென்றேன்.

"ரெண்டாஞ் சரணத்தை எங்கப்பா வச்சிருக்க?"

"அண்ணாச்சி, நாடா பத்தல. அதான் செத்த கத்தரிச்சேன்."

"நாடா பத்தலையா, மனசு பத்தலையா? நீ ஓட்டல் வச்சா பாதித் தோசையத் தின்னுட்டு மீதிய இலையில வைப்பியாலே?"

அன்று முதல் நாடா பதியும்போது கடைக்காரரின் தோளருகே நின்று கேட்டுவிட்டே வருவார். பக்கத்து வீட்டார் தெலுங்கு பேசுபவர்கள். அவர்கள் அன்பளிப்பாகத் தந்த தெலுங்கு பஜனை நாடாவை, பொருள் தெரியாமல் வீட்டில் ஒலிக்க விடலாகாது என்று எடுத்து வைத்துவிட்டார். பிறகு ஒருவருக்கொருவர் அறியாத இருவரிடம் தனித்தனியே பொருள் கேட்டு, இரண்டும் ஒத்துப் போன பின்னரே மார்கழிக் காலைகளில் அதை வைத்தார். பின்பு அந்த நாடா இல்லாமல் அவருக்கு மார்கழியே பிறக்காது.

எனினும் அண்ணனின் உயிர் ஒரு நாதஸ்வர இசைத்தட்டில் இருந்தது. வத்திராயிருப்பில் நடந்த என் திருமணத்தில் அத்தட்டைத்தான் ஒலிபெருக்கியில் வைத்தார். தாலி கட்டும் வேளையில் 'கெட்டிமேளம்' என்று எழுந்த ஆரவாரத்தில் யாரோ மேசையை இடித்துவிட, ஊசி வழுக்கித் தட்டில் கீறல் விழுந்தது. அது முதல் அவ்விடம் வரும்போது நாதஸ்வரம் ஒரே பிடியை மீண்டும் மீண்டும் வாசித்துத் திணறிவிட்டு, ஒரு தாவு தாவி அப்பால் போய்விடும். மேசையை இடித்தவர் புகைப்படக்காரர் என்ற சந்தேகம் அண்ணனின் இறுதிக்காலம்வரை நீடித்தது. ஒவ்வொரு வெள்ளியன்றும் அத்தட்டை வைப்பார். தாவும் இடம் வந்ததும், "ஏலே, இதான் நீ தாலி கட்டுன இடம்" என்பார். என் மனைவியும் விடமாட்டாள். "தடுக்கி விழுந்துதான் ஆரம்பிச்சோம், அத்தான். இன்னும் எந்திரிக்கல" என்பாள். வாரந்தோறும் எடுப்பதால் அவ்வுறைக்கு முடிச்சுக் கிடையாது.

மாப்பிள்ளை திருவில்லிபுத்தூரில் ஒலி ஒளி அமைக்கும் தொழில் செய்பவர். தேர்த் திருநாளுக்கும் முகூர்த்தங்களுக்கும் அவருடைய குழாய் ஒலிபெருக்கிகள்தாம் கட்டப்படும். இன்று எல்லாம் விரல் நகமளவு கருவியில் அடங்கிவிட்டாலும், இசைத்தட்டின் ஒலி மீது அவருக்கு மோகம் உண்டு. திருமணமான புதிதில் ஒருமுறை அத்தட்டை இரவல் கேட்டுவிட்டார்.

"மாமா, ஒரே ஒரு முகூர்த்தத்துக்கு. சாயங்காலமே கொண்டாந்துருதேன்."

"தட்டு வெளிய போவாது, மாப்ள."

அவர் கேட்டது அந்த ஒரு முறைதான். ஆனால் கேட்டவர் என்பதை அண்ணன் மறக்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் அண்ணனும் மதினியாரும் காசிக்குப் புறப்பட்டனர். வீட்டைப் பார்த்துக்கொள்ள மகளும் மாப்பிள்ளையும் திருவில்லிபுத்தூரிலிருந்து வந்து தங்கினர். யாத்திரை முடித்துத் திரும்பிய முதல் வெள்ளியன்று அண்ணன் உறையை எடுத்தார். உள்ளே தட்டு இல்லை.

"எங்கயாச்சும் பத்திரமா எடுத்து வச்சிருப்பியளோ?" என்றார் மதினியார்.

"நான் வச்சது எனக்குத் தெரியாதா? என் தலையில மூளை இருக்கா, பஞ்சு இருக்கா?"

முடிச்சில்லாத உறைகள் அனைத்தையும் உதறிப் பார்த்தார். முடிச்சிட்ட உறைகளைத் திறக்கவில்லை. அனைத்திலும் அவருடைய இடக்கை முடிச்சு கலையாமல் இருந்தது. கை படாத உறைக்குள் எதைத் தேடுவது என்பது அவருடைய வாதம். வாதம் உறுதியாகவே இருந்தது.

அண்ணன் மாப்பிள்ளையை ஒரு சொல்லும் கேட்கவில்லை. அதுவே கொடிதாயிற்று. திருவில்லிபுத்தூருக்குப் போவதை நிறுத்தினார். மகள் வீட்டுக் காதணி விழாவுக்கும் போகவில்லை. காரணத்தை மட்டும் உறவினர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே தாழ்ந்த குரலில் சொன்னார். செய்தி மாப்பிள்ளையின் செவிக்கும் எட்டியது. அவர் மதுரைப் பழைய கடைகளில் அலைந்து, அதே இசைத்தட்டின் வேறொரு பிரதியைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார்.

"தொலைஞ்சது தொலைஞ்சதா இருக்கட்டும், மாமா. இது நம்ம தட்டு மாதிரியேதான். ஒரு கீறல் கிடையாது."

அண்ணன் அதைச் சுழல விட்டார். நாதஸ்வரம் தங்கு தடையின்றி ஓடியது. தாவ வேண்டிய இடத்தில் தாவவில்லை. அண்ணன் பெட்டியை நிறுத்திவிட்டு எழுந்து போனார். மாப்பிள்ளை ஊர் திரும்பியதும் அண்ணன் என்னிடம் சொன்னார்:

"விழுற இடத்துல விழாம ஓடுதே, இது எப்படிலே நம்ம தட்டாவும்? சரி, எடுக்காதவன் எதுக்கு வாங்கியாரணும்? யோசிச்சுப் பாரு."

யோசித்துப் பார்த்தேன். எனக்கும் அது சரியாகவே பட்டது. நம்மில் பலருக்கும் அப்படியே பட்டது. எடுத்தவர் என்ற பழி மாப்பிள்ளையின் மீது உறைந்து நின்றது அந்த அன்பளிப்புக்குப் பிறகுதான்.

அதன் பின் அண்ணனின் சந்தேகங்கள் பெருகின. பால்காரர் குவளையை மாற்றுகிறார் என்றார். மதினியார் சாவியை ஒளிக்கிறார் என்றார். அண்ணன் என்றுமே அப்படித்தானே என்று நாங்கள் சிரித்துவிட்டோம். வேறொருவர் இப்படிப் பேசியிருந்தால் உடனே மருத்துவரிடம் அழைத்துச் சென்றிருப்போம். தன் தெருவை மறந்து அவர் அய்யனார் கோவில் சாலையில் நின்றுகொண்டிருந்த நாளில்தான், அது மறதி நோய் என்றும், தொடங்கிப் பல காலம் ஆகியிருக்கும் என்றும் மருத்துவர் கூறினார். தான் வைத்த பொருளைத் தானே மறந்து, பிறர் எடுத்ததாகக் கருதுவது அந்நோயின் இயல்பாம்.

இறுதி மாதங்களில் அண்ணனைத் தூக்கி நீராட்டியதும், மதுரை மருத்துவமனைக்குக் காரில் கொண்டுபோய்க் கொண்டுவந்ததும் மாப்பிள்ளையே. திருவில்லிபுத்தூரில் ஒப்புக்கொண்ட வேலைகளைப் பிறரிடம் விட்டுவிட்டு வருவார். ஒரு நாள் பகலில் அண்ணனுக்குச் சட்டைப் பொத்தான் மாட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் அவர் முகத்தை நெடுநேரம் உற்று நோக்கினார். நான் வாசலருகே இருந்தேன்.

"நீ யாருப்பா? இம்புட்டு நல்லவனா இருக்கியே."

"பக்கத்து ஊருதான்யா."

"உங்கிட்ட ஒண்ணு சொல்லுதேன், யாருகிட்டயும் சொல்லிராத. எனக்கொரு மருமகன் இருக்கான். அவன்கிட்ட மட்டும் சாக்கிரதையா இருந்துக்க. என் தட்டை எடுத்துட்டான்."

மாப்பிள்ளை அடுத்த பொத்தானை மாட்டினார். "சரிங்கய்யா. பாத்து இருந்துக்கிடுதேன்" என்றார்.

அண்ணன் மறைந்த அன்று, உடலை நீராட்ட நீரெடுத்து வரும் நீர்மாலைக்குப் புறப்பட்டபோது, மாப்பிள்ளையை ஒதுங்கி நிற்கச் சொல்லிக் கூட்டத்தில் ஒரு குரல் எழுந்ததை நீங்கள் அறிவீர்கள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வேப்பமரத்தடியில் போய் நின்றார். எவரும் அவரை அழைக்கவில்லை.

துக்க வீட்டில் ஆண்டு திரும்பும்வரை பாட்டு வைப்பதில்லை என்பது நம் வழக்கம். மதினியார் பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். திவசம் முடிந்த பிற்பகல் அவரே பூட்டைத் திறந்தார். மகளும், மாப்பிள்ளையும், என் மனைவியும், நானும் இருந்தோம். வாழ்நாளெல்லாம் தொட விடாத உறைகளை ஒவ்வொன்றாகக் கையில் வாங்கிப் பார்த்தார். அவற்றுள் ஒன்று, மைக் செட்காரரின் பெட்டியோடு வந்த ஆங்கிலம் பேசக் கற்பிக்கும் தட்டு. எங்கள் வீட்டில் எவரும் அதை ஒரு முறைகூடக் கேட்டதில்லை.

"இங்கிலீசு இம்புட்டுக் கனமாவா இருக்கும்?" என்று கேட்டுவிட்டு, மதினியார் கத்தரிக்கோலால் நூலை வெட்டினார். உறைக்குள் இரண்டு தட்டுகள் இருந்தன. இரண்டாவது, அந்த நாதஸ்வரத் தட்டு.

நான் உண்மையை எழுத வேண்டும். அக்கணத்தில் என் கண்கள் மாப்பிள்ளையைத்தான் நோக்கின. பயந்துபோய் இப்போது கொண்டுவந்து செருகியிருப்பாரோ என்று ஐயுற்றேன். என் பார்வையை மகள் கண்டுகொண்டாள். குனிந்து, தரையில் விழுந்த நூலை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். வெட்டியது நூலைத்தான், முடிச்சு அப்படியே இருந்தது. வால் இடப்புறம் கிடந்தது.

"நல்லா பாருங்க சித்தப்பா, அப்பா முடிச்சு. இவிய இடுப்புல அண்ணாக்கயிறு கட்டினாலே அவுந்து போவும்."

நான் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். திருப்பிப் பார்த்தேன். ஐயத்திற்கு இடமில்லை. காசிக்குப் போகுமுன், எவரும் தொட விரும்பாத உறைக்குள் தம் உயிரை ஒளித்து, தம் கையாலேயே கட்டி வைத்தவர் அண்ணன். பிறகு அம்முடிச்சை நம்பியதாலேயே அதைத் திறவாமல் விட்டவரும் அவரே.

தட்டு சுழன்றது. அவ்விடம் வந்தது. நாதஸ்வரம் திணறி, தாவியது. என் மனைவி வழக்கம்போல் ஏதோ சொல்ல வாயெடுத்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மதினியார் தட்டை உறையிலிட்டு மாப்பிள்ளையிடம் நீட்டினார்.

"நீங்க கொண்டு போங்க. ஒரு முகூர்த்தத்துக்குக் கேட்டியளே."

மாப்பிள்ளை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "வேண்டாம் அத்தை, இங்கனயே இருக்கட்டும். வெள்ளிக்கிழமை மாமா தேடுவாக."

அண்ணனுக்கு மருத்துவம் செய்தவர்களுக்கும், இறுதி நாட்களில் கஞ்சி காய்ச்சித் தந்த பக்கத்து வீட்டாருக்கும், தோள் கொடுத்த ஆலைத் தோழர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது. மாப்பிள்ளைக்கு நன்றி என்ற சொல் போதாது. அன்று வேப்பமரத்தடியில் நிற்கவைத்தவரை இன்று அண்ணன் படத்தருகே அமரச் செய்யுமாறு, அண்ணனுக்குப் பின் குடும்பத்தில் மூத்தவன் என்ற முறையில் உங்களை வேண்டுகிறேன்.

நிகழ்வின் தொடக்கத்தில் அண்ணனின் நாதஸ்வரத் தட்டு ஒலிக்கும். ஒலிபெருக்கியைக் கட்டியிருப்பவர் மாப்பிள்ளை. ஓரிடத்தில் இசை திணறித் தாவும். அன்புகூர்ந்து மைக் செட்காரர் மீது எவரும் சந்தேகம் கொள்ள வேண்டாம்.