அக்கா சொன்ன பொய்யை உண்மையாக்கிய தேவன்

இருமல் வந்தால் தலையணையை வாயில் அழுத்திக்கொள்ள வேண்டும். ஜன்னல் திரையை விலக்கக் கூடாது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் கட்டிலை விட்டு அசையக் கூடாது. அன்பான சகோதர சகோதரிகளே, அறுபது வயது வரை அடுத்தவர் மரத்துக் கொய்யாவைக்கூடக் கேட்காமல் பறிக்காத நான், இந்தியாவில், கோத்தகிரியில், என் சொந்த அக்கா வீட்டுப் பின்னறையில் கள்ளியைப் போல ஒளிந்துகிடந்தேன். அங்கே இருக்கவும் வழியில்லை, ஊர் திரும்பவும் வழியில்லை. கர்த்தர் என்னை மறந்துவிட்டார் என்றே நினைத்தேன்.

நான் இலங்கையில், டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பித்தவள். கமலா டீச்சர் என்றால் தெரியும். கணவர் இறந்து பல வருடம், பிள்ளைகள் இல்லை. கூடப்பிறந்த ஒரே உயிர் செல்வி அக்கா. தேயிலை வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்த எங்கள் சனங்களை இரண்டு அரசாங்கமும் பிரித்துப் பிரித்து இந்தியாவுக்கு அனுப்பிய காலத்தில், கல்யாணமான கையோடு கோச்சி, அதுதான் ரயில், ஏறிப் போனவள். நான் அப்போது பாவாடை கட்டிய சின்னப் பிள்ளை.

எனக்குப் பென்ஷன் ஆனதும் அக்கா போனில் பிடித்துக்கொண்டாள். "ஏன்டி அங்க தனியா கெடந்து சாகுற? இங்கயும் தேயிலதான், இங்கயும் குளிருதான். வந்துரு, இருக்கிற காலத்துக்கு ஒண்ணா இருப்போம்." எனக்கும் ஆசைதான். நாட்டில் பணத்தின் மதிப்பு விழுந்த பிறகு, வாடகையும் மருந்தும் சமையல் காஸும் போக என் பென்ஷன் மாதக் கடைசியைப் பார்ப்பதே இல்லை. அங்கே அரிசி மலிவு, மருந்து மலிவு என்றார்கள்.

விசா ஆறு மாதத்துக்குக் கிடைத்தது. அதற்குள் நிரந்தரமாகத் தங்க அட்டை எடுத்துவிடலாம், தாத்தா இந்தியாவில் பிறந்தவர் என்று காட்டினால் போதும் என்றான் அக்கா மகன் ரவி. எனக்கும் ஒரே மிதப்பு. தாத்தா ஊருக்குப் பேத்தி போக விசா என்ன பெரிய விசா? இந்தத் தப்பை எங்கள் சனங்கள் மட்டும்தான் செய்வார்கள்.

எங்கள் பக்கம் இந்தியாவுக்குப் போகிறவர்களை வழியனுப்புவதே இழவு வீடு மாதிரித்தான் இருக்கும். அந்தக் காலத்தில் கோச்சி ஏறியவர்கள் திரும்பவில்லை, அதனால் வந்த பழக்கம். எனக்கும் அப்படியே நடந்தது. சபையில் மாலை போட்டார்கள். பெண்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரியே வைத்துவிட்டார்கள். கட்டில், அலுமாரி, தையல் மெஷின் என்று எல்லாவற்றையும் ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். வாடகை வீட்டுச் சாவியை, முன்பக்கம் பலசரக்குக் கடை வைத்திருக்கும் வீட்டுக்காரர், முஸ்லிம் அண்ணன் நிஸார் நானாவிடம் ஒப்படைத்தேன். இனி வரமாட்டேன் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன்.

முதல் இரண்டு மாதம் தேன்தான். அக்காவும் நானும் ஒரே போர்வைக்குள் படுத்து விடியும் வரை கதைத்தோம். பிறகுதான் ஒவ்வொன்றாகக் கழன்றது. இலங்கைக் காசு இந்தியக் காசானபோது பென்ஷன் மூன்றில் ஒரு பங்காகக்கூடத் தேறவில்லை. தாத்தா பிறந்த துறையூர்ப் பக்கத்துக் கிராமத்துக்கு ரவி கூட்டிப்போனான். அங்கே ஒரு பெரியவர் சிரித்தார். "அந்தக் காலத்துல மாடு கன்னு போட்டாத்தாம்மா கணக்கு வச்சாங்க. மனுசன் பொறந்ததை யாரு எழுதுனா?" அட்டை அத்தோடு போயிற்று. விசாவை நீட்டவும் முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஒருநாள் போலீஸ்காரர் ஒருவர் தெருவுக்கு வந்து, வெளிநாட்டுக்காரர் யாராவது தங்கியிருக்கிறார்களா என்று விசாரித்துப் போனார். அப்படித் தங்கினால் வீட்டுக்காரர் ஸ்டேஷனில் தெரிவிக்க வேண்டுமாம். ரவி தெரிவித்திருக்கவில்லை. அவனுக்கு அரசாங்க வேலை. முகம் வெளுத்துப் போய் வந்தான்.

"சித்தி, இனிமே வெளிய வராதீங்க. தேதி முடிஞ்சாலும் உள்ளயே இருந்துக்கங்க. நம்ம மூஞ்சி, நம்ம பேச்சு. யாருக்குத் தெரியப் போகுது?"

அவன் நல்ல பிள்ளைதான், பயந்துவிட்டான். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஜனவரியில் தேதி முடியும். அதைத் தாண்டினால் சாகும்வரை எனக்கு அந்த அறைதான். வருத்தம் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது, செத்தால் அடக்கம் பண்ணவும் பயப்படுவார்கள். திரும்பிப் போகலாம் என்றாலோ, ஒண்ட வீடில்லை, வேறு வீட்டுக்கு முற்பணம் கொடுக்கக் கையில் காசில்லை. அதைவிட வெட்கம். அழுது அடக்கம் பண்ணிய பிணம் மாதிரி எந்த முகத்தோடு போய் நிற்பது?

அந்தக் கிறிஸ்மஸுக்குக் கீதம் பாடுகிறவர்கள் வாசலுக்கே வந்தார்கள். எனக்குத் தெரிந்த பாட்டு. வாயசைத்துக்கூடப் பாட முடியாமல் கதவுக்குப் பின்னால் நின்று அழுதேன். உபவாசம் இருந்தேன். கர்த்தரே, விசாவைத் தாரும், தாத்தா பிறந்ததற்கு ஓர் அத்தாட்சியைத் தாரும் என்று முழங்காலில் நின்றேன். வானம் வெண்கலமாய் இருந்தது.

புது வருஷம் பிறந்த அடுத்த நாள் பக்கத்து வீட்டு அம்மா பலகாரம் கொண்டுவந்தார்.

"எங்க உங்க தங்கச்சி? ஆளையே காணோம்?"

 "அவ ஊருக்குப் போயிட்டா" என்றாள் அக்கா.

நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். ஊருக்குப் போயிட்டா. அந்த வார்த்தையைக் கேட்டதும் எங்கள் ஊர்ப் பக்கத்து ஹட்டன் மூடுபனியும் எங்கள் சபை மணியும் கண்முன் வந்தன. விசா கேட்ட எனக்கு அப்போதுதான் புரிந்தது, நான் அதுவரை எனக்கு வேண்டாததையே கேட்டுக்கொண்டிருந்தேன். அங்கேயே முழங்கால் போட்டேன். 'ஆண்டவரே, எங்க அக்கா பொய் சொல்லிட்டா. அதை மன்னிச்சு, உண்மையாக்கிரும்.' அவ்வளவுதான் என் ஜெபம்.

மறுநாள் காலை போன் அடித்தது. நிஸார் நானா.

"டீச்சர், சொகமா இருக்கீங்களா? கிராம சேவகர் வந்தாரு. பென்சனுக்கு வருசா வருசம் ஆள் உசிரோட இருக்காங்கன்னு ஒறுதிப்படுத்தணுமாமே. நான் பாத்தேன், உசிரோடதான் இருக்காங்கன்னேன். நீ சொன்னா ஆகாது, ஆளு வரணும்ங்கிறாரு. எப்ப வாறீங்க?"

 மெல்லக் கேட்டேன். "நானா, அந்த வீட்டுல இப்ப யாரு இருக்காங்க?"

"யாரும் இல்ல. பூட்டித்தான் வச்சிருக்கேன்."

"ஏன் நானா? நான்தான் வரலைன்னு சொல்லிட்டுப் போனேனே?"

"எங்க வாப்பா காலத்துல எத்தனையோ பேரு இந்தக் கடையில கணக்கு முடிச்சிட்டு இந்தியாவுக்குப் போனாங்க டீச்சர். போனவங்க வாப்பாவுக்குக் கடிதம் போட்டு அழுதாங்க. திரும்பி வர எடமில்ல முதலாளின்னு. வாப்பா மௌத்தாகிற வரைக்கும் அதைச் சொல்லிக்கிட்டே இருந்தாரு. அதான் ஒரு வருசத்துக்கு யாருக்கும் குடுக்க வேணாம்னு எங்க வீட்டுல சொல்லிட்டேன். முற்பணம் ஒண்ணும் வேணாம், நீங்க வாங்க."

போனை மார்போடு அணைத்துக்கொண்டு சத்தமாக அழுதேன். அத்தனை நாளில் அந்த வீட்டில் நான் சத்தமாகச் செய்த முதல் காரியம் அதுதான்.

ரவி என்னைத் தானே போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் உள்ளதைச் சொன்னான். அதிகாரி அவனை வாங்கு வாங்கென்று வாங்கினார். பிறகு என் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்து, "தேதிக்குள்ள கெளம்பிருங்கம்மா. அக்காவைப் பாக்கணும்னா முறையா வந்து பாத்துட்டுப் போங்க" என்றார். விமான நிலையத்தில் முத்திரை குத்தியபோது தேதி முடிய இன்னும் சில நாள் இருந்தது. அக்காவைப் பிரிந்ததுதான் இன்றைக்கும் வலி.

ஞாயிற்றுக்கிழமை சபைக்குள் நுழைந்தபோது தலையே நிமிரவில்லை. ஒப்பாரி வைத்த அதே பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். புஷ்பம் அக்காதான் முதலில் வாயைத் திறந்தார். "அடி ஆத்தி, நாங்க அழுத அழுகையெல்லாம் வீணாப் போச்சே!" சபையே சிரித்தது. நானும் சிரித்தேன். அத்தனை மாதம் என்னைப் பூட்டி வைத்திருந்த வெட்கம் அந்தச் சிரிப்பில் போயிற்று.

இப்போது எங்கள் சபையிலிருந்து யாராவது வெளிநாட்டுக்கு, பிள்ளைகளிடமோ உறவுகளிடமோ, கடைசிக் காலத்தைக் கழிக்கப் போவதாக இருந்தால் நான் வீடு தேடிப் போகிறேன். தங்க அனுமதி எத்தனை மாதம், பென்ஷன் அந்த ஊர்க் காசில் எவ்வளவு என்று முகத்துக்கு நேரே கேட்கிறேன். சிலருக்குப் பிடிக்காது. பரவாயில்லை. வழியனுப்பும் ஜெபத்தில் திரும்பி வருவதற்கும் சேர்த்து ஜெபிக்கச் சொல்கிறேன். நிஸார் நானாவுக்காகவும் தினமும் ஜெபிக்கிறேன். என் கர்த்தர் தம் பிள்ளைக்குச் செய்த உதவியை அவர் கையில் கொடுத்தனுப்பினார்.

பிரியமானவர்களே, இதை வாசிக்கிற யாரோ ஒருவர் இப்போது எங்கோ ஒரு தேசத்தில், ஒரு பின்னறையில், திரும்பிப் போக முகமில்லாமல் உட்கார்ந்திருக்கலாம். நான் விசா கேட்டேன், அவர் வீட்டைத் திறந்தார். உங்களுக்கு எதைத் திறப்பார் என்று எனக்குத் தெரியாது. கேளுங்கள். வெட்கப்படாமல் கேளுங்கள். திரும்பி வந்து நின்றால், உங்கள் சனங்கள் முதலில் கொஞ்சம் சிரிப்பார்கள். பிறகு நகர்ந்து உட்கார்ந்து உங்களுக்கும் இடம் விடுவார்கள்.