மஞ்சள் வந்த வழி

செலஸ்டினுக்கு ஐம்பத்தாறு வயது. வீடு கிளமெண்டியில். தினமும் காலை ஏழு மணிக்கு லிட்டில் இந்தியாவை ஒட்டி ஓடும் கால்வாயில் படகை இறக்கிவிடுவார். மிதக்கும் குப்பையை வலையால் அள்ளுவதும், தண்ணீர் நிறம் மாறினால் மேலிடத்துக்குச் சொல்வதும்தான் அவர் வேலை. நிறம் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது அவர் வேலையில் சேராது. அதைத்தான் அவர் அதிகம் செய்தார்.

அதற்கு அவரிடம் ஒரு வெள்ளைப் பீங்கான் கோப்பை இருந்தது. கால்வாயில் வந்து விழும் ஒவ்வொரு லோங்காங்கிலும், அதாவது தெருவோர வடிகாலிலும், மொண்டு பார்ப்பார், முகர்வார். நிறம் வரும் கிளையைப் பிடித்துக்கொண்டு மேலே நடப்பார். அது இரண்டாகப் பிரியும் இடத்தில் மறுபடியும் கோப்பை. தூரிகை கழுவிய பெயிண்டரும் கோழிக்கூடை அலசிய கடைக்காரரும் அப்படித்தான் மாட்டினார்கள்.

“லோங்காங் தண்ணி சாக்கடைக்குப் போகாது. மழைத்தண்ணியோட சேர்ந்து நேரா நீர்த்தேக்கம். அங்கேருந்து உங்க வீட்டுக் குழாய். நீங்க கழுவுற கோழியை நீங்களேதான் குடிக்கிறீங்க” என்று அவர்களுக்கு விளக்குவார். அவர் தலையைக் கண்டாலே தெருவில் ஹோஸ் பைப்புகள் மூடிக்கொண்டன.

மூன்று ஆண்டுகளாக ஒரு மஞ்சள் நிறம் மட்டும் எங்கிருந்து வருகிறது என்று அகப்படவில்லை. ஜூலைக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை காலை, எண்ணெய் மினுங்க வரும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அவர் படகைத் துறைவரை திருப்பிக் கொண்டுபோய்க் கட்டிவிட்டுக் கரையேறுவதற்குள் நின்றுவிடும். செலஸ்டின் சந்தேகப்பட்டது நூர்தீன் பாயின் பிரியாணிக் கடையை. ஒவ்வோர் ஆண்டும் அறிக்கையில் அப்படியே எழுதினார். இரண்டு முறை சோதனைக்கு ஆள் வந்தது. மஞ்சள் அகப்படவில்லை, ஆனால் இரண்டு முறையும் வேறு ஏதோ குறை அகப்பட்டு எச்சரிக்கைக் கடிதம் போனது. மூன்றாவது கடிதம் வந்தால் கடையை இரண்டு வாரம் மூட வேண்டும்.

இந்த ஆண்டு மேற்பார்வையாளர் ஷாரன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். “அங்கிள், ப்ரூஃப் இல்லாம ரிப்போர்ட் அனுப்பாதீங்க லா.”

“இந்தத் தடவை பேரோட தர்றேன்” என்றார் செலஸ்டின். அந்தத் திங்கட்கிழமை படகை இறக்காமல் கரையிலேயே காத்திருந்தார்.

எட்டு இருபதுக்கு மஞ்சள் வந்தது. நேராகப் பாய் கடைக்கு நடந்தார். நூர்தீன் வாசலிலேயே நின்றிருந்தார்.

“வாங்கண்ணே. மஞ்சள் வந்துடுச்சா? நான் இன்னும் அடுப்பே பத்த வைக்கலை.”

“பாத்துட்டுச் சொல்றேன், பாய்.”

பின்புற வடிகால் காய்ந்து கிடந்தது.

“என் லோங்காங்கைவிட உங்க கோப்பைதான் ஈரமா இருக்கு” என்றார் நூர்தீன். “நடங்க, நானும் வர்றேன். மூணு வருஷமா எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்த மகராசன் யாருன்னு பாக்கணும்.”

முதல் பிரிவில் இடப்பக்கம் மஞ்சள். இரண்டாவதில் வலப்பக்கம். மூன்றாவதில் நூர்தீனே கோப்பையை வாங்கி முகர்ந்தார். “பிரியாணிதான். ஆனா அன்னாசிப்பூ அதிகம். இது கடைக்காரன் சமையல் இல்லண்ணே. அளவு தெரியாத எவனோ போட்டிருக்கான்.”

செலஸ்டினுக்குச் சுருக்கென்றது. ஏன் என்று அவருக்கு அடுத்த திருப்பத்தில் தெரிந்தது. வடிகால் ஒரு மாதா கோயிலின் பின்மதிலுக்குள் போனது. அது அவருடைய பங்குக் கோயில். முந்தைய நாள், ஞாயிற்றுக்கிழமை, பங்குத் திருவிழா. நானூறு பேருக்குப் பிரியாணி சமைத்தது, வழக்கம்போல, அவர்.

உள்ளே அவர் மனைவி ஜோசபினும் நான்கு பெண்களும் ஆறு அண்டாக்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நின்றிருந்த சிமெண்ட் மேடையும் செலஸ்டின் கட்டியதுதான், படகு வேலைக்கு வருவதற்கு முன்பு. ரசமட்டம் வைத்துச் சரிவு பார்த்திருந்தார். ஒரு சொட்டு தங்காமல் அத்தனையும் மதிலோர லோங்காங்கில் விழுந்தது. திருவிழாவுக்கு மறுநாள் அவர் எப்போதும் படகில் இருப்பார். கழுவுவதை அவர் பார்த்ததே இல்லை.

“என்னங்க, வேலை நேரத்துல இங்க?” என்றார் ஜோசபின்.

“தண்ணியை நிறுத்து.”

“நிறுத்திட்டு? அண்டாவை நக்கிச் சுத்தம் பண்ணவா?”

பெண்கள் சிரித்தார்கள்.

“இது கால்வாய்க்குப் போகுது, ஜோசபின்.”

“கட்டினவர் நீங்க. வேற எங்க போகும்னு நினைச்சுக் கட்டினீங்க?”

கவிழ்த்து வைத்திருந்த அண்டா ஒன்றின்மேல் நூர்தீன் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு சிரிப்பு தானாக நின்றது. “அண்ணே, ரிப்போர்ட்ல என்ன எழுதுவீங்க?”

“கோயில் பேரை எழுதிடாதீங்க” என்றார் ஜோசபின் அவசரமாக. “ஃபாதர் முகத்துல எப்படி முழிக்கிறது? காரணம் தெரியலைன்னு போடுங்க.”

“அப்படிப் போட்டா பழைய ரிப்போர்ட்டைப் பாத்துட்டு மூணாவது கடிதம் பாய் கடைக்குத்தான் போகும்.”

ஜோசபின் பாயைப் பார்த்தார். குழாயை மூடினார்.

செலஸ்டின் அங்கேயே நின்று கைப்பேசியில் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். இடம், நேரம், மூன்று பிரிவுகள். மேடையைக் கட்டியவர்: செலஸ்டின். சமைத்தவர்: செலஸ்டின். உணவகத்தைப் பற்றி மூன்று ஆண்டுகள் எழுதியது தவறு, எழுதியவரும் செலஸ்டின்.

அனுப்பிய மறுநிமிடம் ஷாரன் அழைத்தாள். “அங்கிள், இது எந்த செலஸ்டின்?”

“நான்தாம்மா.”

“கன்ஃபர்ம்?”

“கோப்பையில பாத்துட்டேன்.”

நூர்தீனுக்குக் கடிதம் வரவில்லை. கோயிலுக்கு வந்தது: முப்பது நாளுக்குள் மேடையை அகற்ற வேண்டும். ஃபாதர் அதைப் படித்துவிட்டுச் செலஸ்டினிடம் நீட்டினார்.

சனிக்கிழமை செலஸ்டின் சுத்தியலோடு போனார். அன்று முழுவதும் அடித்தும் ஒரு மூலைகூடப் பெயரவில்லை. அடுத்த சனிக்கிழமை நூர்தீன் பிளாஸ்டிக் பையில் கட்டிய இரண்டு தேநீரோடு வந்து எட்டிப் பார்த்தார்.

“இன்னுமா உடையலை?”

“கலவை அப்படி. உள்ளே கம்பி வேற கட்டியிருக்கேன்.”

நூர்தீன் சட்டையைக் கழற்றி மதிலில் போட்டுவிட்டு, சுத்தியலை வாங்கிப் பத்து அடி அடித்தார். சுண்டுவிரல் அளவு சிமெண்ட் தெறித்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“ஏண்ணே, இதைக் கட்டுறப்போ உங்களுக்கு வேற வேலையே இல்லையா?”