மாடி அறை, அமைதி, ஒரு நிமிஷம்

அந்த வீட்டில் ரேடியோ காலை ஆறு மணிக்கு வாயைத் திறந்தால் படுக்கப் போகும்வரை மூடாது. செய்தி, பாட்டு, மூட்டுவலிக்கு யாரோ சொல்லும் வைத்தியம், எதுவாக இருந்தாலும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மின்சாரம் போய்விட்டால் அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போய்விடுவாள். வண்டிகளின் இரைச்சலுக்கு நடுவில் நின்றுவிட்டு, மின்சாரம் வந்த பிறகுதான் திரும்புவாள்.

"பேய் வீட்டுல கூட மத்தியானம் கொஞ்சம் சத்தம் அடங்கும்" என்று தங்கை சொல்லாத நாள் கிடையாது. கணவன் போனபிறகு அக்காவோடு வந்து சேர்ந்தவள் தங்கை. வந்த புதிதில் ஒருநாள் ரேடியோவை அணைத்துப் பார்த்தாள். அக்காவின் முகம் வெளுத்ததைப் பார்த்துவிட்டு அவளே மறுபடி போட்டாள். ஏன் என்று கேட்கவில்லை.

அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. சினிமாவில் 'கன்டின்யூட்டி' வேலை. காலையில் எடுத்த காட்சியில் கதாநாயகி காபிக் கோப்பையை இடது கையில் பிடித்திருந்தால், நாலு நாள் கழித்து அதே காட்சியின் மிச்சத்தை எடுக்கும்போதும் இடது கையிலேயே இருக்க வேண்டும். கோப்பையில் எவ்வளவு காபி, முடி எந்தத் தோளில், சட்டையில் எத்தனை பொத்தான், எல்லாவற்றையும் நோட்டில் குறித்துவைத்து, கழுத்தில் தொங்கும் ஸ்டாப்வாட்சால் ஒவ்வொரு ஷாட்டையும் நொடிக்கணக்கில் அளந்து வைப்பதுதான் அவள் பிழைப்பு. யூனிட்டில் யாரும் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ஞாபகம்' என்பார்கள். "ஞாபகம் எங்கப்பா?" என்று டைரக்டர் கத்துவார், நோட்டோடு ஓடுவாள். தன் கல்யாண நாளையே அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட டைரக்டர்கூட ஒருவர் உண்டு. எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருப்பது வரம் என்று ஊரே சொல்லும். அது வியாதி என்பது என் கட்சி.

ஊரார் முடியையும் பொத்தானையும் இப்படிக் கணக்காகக் குறித்த பெண்ணுக்கு, தன் வாழ்க்கையில் ஒரே ஒரு விஷயம் மட்டும் தெரியாமல் போயிற்று. இருபத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், வெளிநாட்டில் ஒரு வீட்டு மாடியறைக்கு ஒருவர் அவளை வரச்சொன்னார். சொன்னவர் வந்தாரா, வரவில்லையா? அவளை விடாமல் பிடித்துக்கொண்டது அந்தக் கேள்விதான்.

அப்போது அங்கே எடுத்துக்கொண்டிருந்தது ஒரு காதல் படம். கல்யாணம் நிச்சயமான ஒரு பெண், கோடை விடுமுறைக்கு வெளிநாட்டில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போகிறாள். போன இடத்தில் அக்கா புருஷனின் தம்பி மேல் ஆசைப்படுகிறாள். கோடை முடிகிறது, ஆசை முடியவில்லை. "இதுக்கு எதுக்கு கப்பலேறணும், எங்க தெருவிலேயே மூணு கேஸ் இருக்கு" என்று லைட்மேன் சொன்னார். படம் ஒரு வாரம்கூட ஓடவில்லை என்பது வேறு விஷயம். ஏரிக்கரையில் ஒரு மரவீட்டைப் பிடித்துக்கொண்டு நாற்பது நாள் எடுத்தார்கள். ராத்திரி ஒன்பது மணிவரை வெயில் அடிக்கிற ஊர். அப்போது எல்லாப் படத்துக்கும் பின்னால் ஸ்டூடியோவில்தான் குரல் கொடுப்பார்கள். இந்த டைரக்டர் மட்டும் எல்லாச் சத்தத்தையும் அங்கேயே பிடிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அதனால்தான் ஒலிப்பதிவாளர் ஒருவரும் கூட வந்தார். கல்யாணமானவர். மனைவி ஏழு மாதக் கர்ப்பிணி. வந்த முதல் வாரமே இதை எல்லோரிடமும் சந்தோஷமாகச் சொன்னார். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை என்பதை நான் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

அவருக்கு ஒரு வேலைமுறை இருந்தது. ஒவ்வொரு அறையிலும் படப்பிடிப்பு முடிந்ததும் அந்த அறையின் அமைதியைத் தனியாகப் பதிவு செய்வார். வசனங்களுக்கு நடுவே ஒட்டுப்போட அது வேண்டுமாம். அமைதியிலும் அறைக்கு அறை வித்தியாசம் உண்டாம். மைக்கில் "சமையலறை. அமைதி. ஒரு நிமிஷம்" என்று சொல்வார். நாற்பது பேரும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். தும்மக்கூடாது, சொறியக்கூடாது. நிமிஷம் ஆனதும் "முடிஞ்சது. அசையலாம்" என்பார். அதற்குப் பிறகுதான் உயிர் வரும். லைட்மேன் ஒருநாள் தும்மலை அடக்கிக் கண்ணீர் விட்டதை வருஷக்கணக்கில் சொல்லிச் சிரித்தார்கள்.

அந்த ஒரு நிமிஷத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கம் பார்ப்பார்கள், கூரையை, தரையை, தன் நகத்தை. இவள் அவரைப் பார்த்தாள். அவர் இவளைப் பார்த்தார். அவ்வளவுதான். கையைத் தொட்டதில்லை, தனியாக உட்கார்ந்து பேசியதில்லை. அறை, வராந்தா, படகு, தோட்டம் எல்லாம் சேர்த்து முப்பத்தாறு நிமிஷம். இதில் என்ன காதல் என்று கேட்பவர்கள், வாய்பேசாமல் ஒரு நிமிஷம் ஒருவர் கண்ணைப் பார்த்து நின்று பாருங்கள், அப்புறம் வந்து கேளுங்கள்.

அவளுக்கே அது பிடிபட்டது நோட்டைப் பார்த்துத்தான். ஒருநாள் சாயங்காலம் பக்கங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். கதாநாயகன் சட்டை, கதாநாயகி துப்பட்டா என்று போய்க்கொண்டிருந்த குறிப்புக்கு நடுவில் ஒரு வரி: 'இடது கை மூன்று மடிப்பு, வலது கை இரண்டு. காதுக்குப் பின்னால் பென்சில்.' படத்தில் அப்படி யாருமே இல்லை. மைக் பிடிக்கிற மனிதரின் சட்டையைக் குறித்து வைத்திருக்கிறாள். அந்தப் பக்கத்தைக் கிழிக்க மனம் வரவில்லை.

கடைசி வாரத்தில் அவளுடைய இடது செருப்பு வார் அறுந்துவிட்டது. ஊக்கு குத்திக்கொண்டு நடந்தாள். அடிக்கு ஒரு தடவை 'கிளிக்' என்றது. "ஞாபகம், உங்க ஊக்கு என் மைக்குல விழுது" என்றார் அவர். "கழட்டிடட்டா சார்?" என்றாள். "வேண்டாம். வர்றது நீங்கன்னு தெரியுது" என்றார். அவர் அவளிடம் சொன்னதில் இதைவிட நெருக்கமான வார்த்தை கிடையாது.

கடைசி நாள் மத்தியானம் சாமான் கட்டும்போது பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "நாலு மணிக்கு மாடி ரூமுக்கு வாங்க. பேசணும்." ஐந்து மணிக்குப் பஸ். அவள் பத்து நிமிஷம் முன்னாலேயே போனாள். இரு என்றால் இருந்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டு போனாள் என்பதை இப்போது சொல்லலாம், அன்றைக்கு அவள் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. பதினாலு மரப்படி. மூன்றாவது படி முனகும். மேலே கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஒரு அசைவு இல்லை. அவர் இருக்கிற இடத்தில் ஒரு இருமலாவது, வயர் இழுபடும் சத்தமாவது கேட்கும். அவரே சொல்லிக்கொடுத்த மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். குண்டூசி விழுகிற சத்தம்கூட இல்லை. ஆள் இல்லை என்று திரும்பி இறங்கினாள்.

பஸ்ஸில் அவர் கடைசியாக ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. ஊர் வந்து அவரவர் வழியில் போனார்கள். பதினோரு வருஷம் கழித்து அவர் மாரடைப்பில் போய்விட்டதாக யாரோ ஒரு செட்டில் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்கள். அன்றைக்கும் அவள் கோப்பையில் எவ்வளவு காபி என்று சரியாகவே குறித்தாள்.

அதற்கப்புறம் அமைதி என்றாலே அவளுக்கு ஆகாது. எந்த அறை அடங்கினாலும் சாத்திய கதவு எதிரே வந்து நிற்கும். கதவைத் தட்டாமல் வந்துவிட்டோமே, ஒரு விரலை மடக்கி ஒரு தட்டு தட்டியிருந்தால் அவர் தோட்டத்திலிருந்தாவது ஓடி வந்திருப்பாரே, பத்து நிமிஷம் முன்னாலேயே போய்த் தொலைத்தோமே என்று தன்னைத்தானே திட்டிக்கொள்வாள். பார்க்க வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் ஏதோ சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தவளுக்கு, ஒரு கதவைத் தட்டத் தெரியவில்லை.

போன மாதம் ஒரு போன் வந்தது. அந்தப் படத்தை இந்தத் தலைமுறைப் பிள்ளைகள் எங்கிருந்தோ தோண்டியெடுத்துக் கொண்டாடுகிறார்களாம். பழுதுபார்த்துப் புதிதாக வெளியிடப் போகிறார்களாம். ஒலியைச் சுத்தம் செய்கிற பெண் பேசினாள். "ஆன்ட்டி, டேப் ஸ்பூல் எல்லாம் கலைஞ்சு கிடக்கு. எந்த அமைதி எந்த ரூம்னு தெரியல. உங்க நோட்டு இருக்கா?" என்றாள். பிறகு சற்றுத் தயங்கிவிட்டு, "நான் சவுண்ட் சாரோட பொண்ணு" என்றாள். ஏழு மாதம் வயிற்றிலிருந்த பிள்ளை.

நோட்டோடு அக்கா போனாள். ஒலிக்கூடத்தின் சுவரெல்லாம் மெத்தை. கதவைச் சாத்தியதும் அவளுக்குக் காது அடைத்தது. மகள் அதைக் கவனித்துவிட்டாள். "எங்கப்பாவும் அமைதியா இருந்தா தவிச்சுப் போயிடுவார் ஆன்ட்டி. வீட்ல ரேடியோவ நிறுத்தவே விடமாட்டார். சவுண்ட் என்ஜினியர் வீடுன்னு பேரு, அம்மா காதுல பஞ்சு வெச்சுக்குவாங்க" என்று சிரித்தாள். இவளும் சிரித்து வைத்தாள். நோட்டைப் பிரித்தாள்.

வேலை தொடங்கியது. மகள் ஒவ்வொன்றாக ஓடவிட, இவள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். "இது சமையலறை, குழாய் சொட்டுது பாரு. இது வராந்தா. இது படகு." மத்தியானத்துக்குள் முப்பத்தாறும் முடிந்தது. கடைசியில் மகள் மேஜைக்கு அடியிலிருந்து இன்னொரு ஸ்பூல் பெட்டியை எடுத்தாள்.

"இது ஸ்டூடியோல இல்ல ஆன்ட்டி. அப்பா அலமாரில இருந்தது. கிளைமாக்ஸ்ல ஹீரோ மாடி ரூம்ல தனியா உக்காந்திருப்பான்ல, அதுக்கு அமைதி எங்கேயும் கிடைக்கல. இதுல இருக்கு."

பெட்டி மேல் அவர் கையெழுத்து: 'உபயோகிக்க வேண்டாம். அழிக்கவும் வேண்டாம்.'

ஸ்பூல் சுழன்றது. பதினெட்டு வருஷத்துக்கு முன் இறந்தவரின் குரல் காதுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. "மாடி அறை. அமைதி. ஒரு நிமிஷம்."

அவள் கை பழக்கதோஷத்தில் ஸ்டாப்வாட்சை அழுத்தியது. எங்கோ ஏரித்தண்ணீர். பத்தாவது நொடியில், கீழே ஒரு படி முனகியது. பிறகு ஏறிவருகிற காலடி. அடிக்கு ஒரு 'கிளிக்'. அடி, கிளிக். அடி, கிளிக். கதவுக்கு வெளியே வந்து நின்றது. அப்புறம் ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை என்பதும் சரியில்லை. மைக்குக்கு மிக அருகில் ஒருவர் மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்தது கேட்டது.

ஐம்பது நொடி. பதிவு நடுவில் அசையக்கூடாது, அதனால் பேசாமல் இருக்கிறார், நிமிஷம் முடிந்ததும் குரல் கொடுப்பார் என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. அறுபது நொடி ஆனது. 'முடிஞ்சது, அசையலாம்' வரவில்லை. எழுபது. எண்பது. வெளியே ஒருத்தி இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறாள். உள்ளே அவர் மூச்சை விடவில்லை. நூறாவது நொடியில் ஊக்குச் செருப்பு திரும்பி இறங்கியது. மூன்றாவது படி முனகியது. அதற்குப் பிறகுதான் மைக்குக்குப் பக்கத்தில் அந்த மூச்சு வெளியே வந்தது, சுமையை இறக்கி வைக்கிற மாதிரி. அப்புறம் ஸ்பூல் தீரும்வரை தண்ணீர் மட்டும்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்களே, அது இதுதான். வந்திருக்கிறான். அவன் என்று அவள் மனசு அவரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. வந்திருக்கிறான், உள்ளே இருந்திருக்கிறான், யார் என்று தெரிந்திருக்கிறது. நிமிஷம் முடிந்த பிறகும் நாற்பது நொடி முழுசாக இருந்திருக்கிறது. தட்டாமல் வந்த குற்றத்துக்கு இத்தனை வருஷம் அவள் தண்டனை அனுபவித்திருக்கிறாள். அந்தக் கதவை மூடிவைத்தவனோ, அதே குற்றத்தைப் பெட்டியில் போட்டுத் தன் அலமாரியில் வைத்துக்கொண்டு, ரேடியோவைப் போட்டுக்கொண்டு செத்திருக்கிறான். கோபம் வந்தது. கோபத்துக்குப் பின்னாலேயே அழுகை வந்தது. இரண்டையும் விழுங்கினாள். எதிரே உட்கார்ந்திருந்தது அவன் மகள். அந்தக் கதவு திறந்திருந்தால் அப்பா இல்லாமல் வளர்ந்திருக்கக்கூடிய மகள்.

"யாரோ வந்து நின்னுட்டுப் போறாங்க ஆன்ட்டி. அப்பா உள்ளேயே இருக்கார், கதவத் திறக்கல. யாருன்னு தெரியுதா?"

"யூனிட்ல யாராவது இருக்கும்மா. எதையாவது மறந்து வெச்சுட்டு எடுக்க வந்திருப்பாங்க."

மகள் கணினித் திரையில் ஓடிய ஒலிக்கோட்டைத் தொட்டுக் காட்டினாள். "மறந்தத எடுக்காமலே போயிட்டாங்களே."

"ஆமா. எடுக்காமத்தான் போயிட்டாங்க."

"அப்ப இந்தக் காலடிய எடுத்துடவா, விட்டுடவா?"

இவள் நோட்டைப் புரட்டினாள். புரட்ட வேண்டிய அவசியமே இல்லை. "படத்துல அந்தப் பொண்ணு வரவே மாட்டா. காலடி கேட்டா கன்டின்யூட்டி தப்பிடும். எடுத்துடு."

"மூச்சு?"

"அது இருக்கட்டும். அது அந்த ரூமோடது."

மகள் பொத்தானை அழுத்தினாள். திரையில் முள்முள்ளாகத் தெரிந்த பதினாலு படியும் ஒவ்வொன்றாக அழிந்தது. அழிந்து முடியும்வரை இவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது ரேடியோவில் யாரோ சளிக்கு மருந்து சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா போய் அதை அணைத்தாள். சமையலறையிலிருந்து தங்கை கரண்டியோடு ஓடிவந்தாள்.

"கரன்ட் போயிடுச்சா?"

"இல்ல. நான்தான் நிறுத்தினேன். கொஞ்ச நேரம் அசையாம நில்லு."

என்னவோ ஏதோவென்று தங்கை அப்படியே நின்றாள். அக்கா ஸ்டாப்வாட்சை அழுத்திக் கையில் பிடித்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு நிமிஷம் போயிற்று. அதற்கு மேலும் போயிற்று. தங்கையின் கரண்டியிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது. அக்காவின் கன்னத்தில் கண்ணீர் இறங்குவதைப் பார்த்தும் அவள் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

சரியாக நூறு நொடி ஆனதும் அக்கா முள்ளை நிறுத்தினாள்.

"முடிஞ்சது" என்றாள். "அசையலாம்."