தறிக் குரலில் கேட்ட கேள்வி

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். மருமகள் வேலை பார்க்கும் கல்லூரியில் ஒருவர் கருந்துளை பற்றிப் பேசினார். சோமனூரிலிருந்து என்னையும் கூட்டிப்போயிருந்தாள். கருந்துளையைச் சுற்றி நெருப்பாய்ச் சுழலும் தட்டு, அதற்கு மேலும் கீழும் பீய்ச்சியடிக்கும் தாரை என்று படம் காட்டினார். எல்லாவற்றையும் விழுங்குகிற இடத்திலிருந்து இது எப்படி வெளியே வரும்? கேட்காமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. கேட்கவோ கூச்சம்.

“கேளுங்கத்தை,” என்று மருமகள் மைக்கை என் கையில் திணித்துவிட்டாள்.

விசைத்தறிச் சத்தத்தை மீறிக் கத்தியே பழகிய தொண்டை எனக்கு. “ஏனுங்க, உள்ள போனது எப்படிங்க வெளிய வருது?” அரங்கமே அதிர்ந்தது.

“உங்களுக்கு மைக்கே வேண்டாமுங்கம்மா,” என்று அவர் சிரித்தார். “உள்ள போனது வராதுங்க. போறதுக்கு முன்னாலயே கொஞ்சம் தப்பிச்சுரும். சுத்தற வேகத்துல காந்தக் கோடுக நூலாட்டம் முறுக்கேறும். தட்டுல இருக்கற சூடான வாயு கொஞ்சம் அதைப் புடிச்சுட்டு மேல பறக்கும். கிட்டத்தட்ட வெளிச்சத்தோட வேகமுங்க.”

முறுக்கேறும் நூலோடு பஞ்சு ஒட்டிப் போவதை நான் பார்க்காததா! “அப்படிப் போடுங்க!” என்று மறுபடியும் கத்திவிட்டேன். ஒரே கைதட்டல்.

பஸ்ஸிலும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “மெதுவாங்கத்தை, டிரைவர் பயந்துக்குவாரு,” என்றாள் மருமகள்.

காந்தக் கோடு என்றுதான் அவர் சொன்னதாக நினைவு. விவரம் தெரிந்தவர்கள் சரிபார்த்துச் சொல்லுங்கள், சத்தமாகவே சொல்லலாம்.