சினேகாவின் ஜீப்புக்குப் பத்து மணி நேரம் சார்ஜ்

சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் இருபத்திரண்டு வருசமாக மருந்து கலக்குகிறவர் சங்கிலிமுத்து. அவர் இருக்கிற அறைக்குள் வெயில்கூடச் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் நுழையும். மருந்து வேலையை விடியக்காலையில் தொடங்கி வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். அவரோ வீட்டில் குழம்பு தாளிப்பதையும் ஒன்பது மணிக்குள் முடிக்கச் சொல்லுவார்.

2006 சித்திரையில், முதலாளி வீட்டுப் பேத்தி ஓட்டி வளர்ந்த சிவப்பு பேட்டரி ஜீப் ஒன்று அவருடைய நாலு வயது மகள் சினேகாவுக்கு வந்தது. காதுகுத்து என்றதும் இரண்டு தடவை தெருவைத் தாண்டி ஓடியவள், ஜீப்பைப் பார்த்ததும் இறங்கிவந்தாள்.

"ஜீப்புல போனா குத்திக்கிறேன்."

உடனே இருக்கன்குடிக் கோயில் பக்கத்தில் மண்டபம் பிடித்தாயிற்று.

சங்கிலிமுத்து ஜீப்பைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டார். பழைய வேட்டித் துணியால் துடைப்பார், நிழலில் நிறுத்துவார். தினமும் காலை ஆறு மணிக்குச் சார்ஜ் போட்டு, ஒன்பதுக்குப் பிடுங்கிவிடுவார்.

"பொம்மைக்குள்ள மருந்தா வச்சிருக்கு?" என்றாள் மனைவி கருப்பம்மாள்.

"எதுவா இருந்தா என்ன. சூடு சூடுதான்."

காதுகுத்துக்கு ஒரு வாரம் இருக்கையில் ஜீப் நாற்பதடி ஓடி நின்றது. சினேகா இரண்டு காதையும் தடவிப் பார்த்துக்கொண்டு, "அப்ப குத்த வேண்டாம்" என்று சந்தோசமாக இறங்கினாள்.

மின்விசிறிக்குக் கம்பி சுற்றுகிற தனுஷ்கோடி சீட்டைத் தூக்கிப் பார்த்தார். "எம்புட்டு நேரம் சார்ஜ் போடுறீக அண்ணாச்சி?"

"மூணு மணி நேரம்."

"ஒரு வாய் சோத்தை ஊட்டிட்டு இலையை உருவுனா எப்படி? பட்டினி கிடந்தே பேட்டரி செத்துப்போச்சு. புதுசு மாத்தித் தாரேன். இதுக்கு ஒரே மூச்சுல பத்து மணி நேரம் போடணும்."

"நடுவுல மத்தியானம் வருமே."

"அப்ப ராத்திரி போட்டுட்டுத் தூங்குங்க."

"ஆள் தூங்கையில வேலை நடக்கக் கூடாது" என்றார் சங்கிலிமுத்து.

வேறு வழியில்லை. காதுகுத்துக்கு முதல் நாள் காலை ஆறு மணிக்குச் சார்ஜ் போட்டுவிட்டு, பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இந்தப் பக்கம் ஒரு வாளி மணல், அந்தப் பக்கம் ஒரு வாளி மணல். மல்லாங்கிணற்றிலிருந்து வந்த மைத்துனன் காளீஸ்வரனை வாசலிலேயே நிறுத்திப் பையைத் தடவினார்.

"மச்சான், நான் பிள்ளைக்குத் தாய்மாமன்."

"தாய்மாமன் பையில இருந்தா தீப்பெட்டி பத்தாதோ?"

கால் மணிக்கு ஒரு தடவை, காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொடுவது போலப் பேட்டரியைத் தொட்டுப் பார்த்தார். நாலு மணிக்குப் பிடுங்கியபோது பேட்டரி வெதுவெதுப்பாக இருந்தது. அவர் வியர்த்த வியர்வையில் இரண்டு வாளி மணலும் நனைந்துவிட்டிருந்தது.

மறுநாள் மண்டபத்துச் சிமெண்டுத் தரையில் ஜீப் ராஜநடை போட்டுப் போய்த் தாய்மாமன் முன்னால் நின்றது. சினேகா இறங்க மறுத்தாள். சரி, சீட்டிலேயே குத்திவிடலாம் என்று காளீஸ்வரன் தலையைப் பிடிக்க, ஆசாரி வலது காதைக் குத்தினார்.

அவ்வளவுதான். பிள்ளை வீறிட்டது, கால் பெடலை மிதித்தது.

சீர்த்தட்டு ஒரு பக்கம் உருண்டது, வாழையிலைக் கட்டு ஒரு பக்கம் பறந்தது. ஐம்பது சொந்தக்காரர்கள் பின்னால் ஓட, ஊசியோடு ஆசாரியும் ஓடினார். இந்த ஓட்டத்தைப் பார்த்துக் கோயிலுக்கு வந்த ஆட்டுக்கிடாய்கள் தங்கள் கவலையை மறந்து நின்றனவாம்.

"அந்தச் சுவிட்சை அமத்துங்க" என்று கருப்பம்மாள் கத்தினாள்.

சங்கிலிமுத்து ஜீப்புக்குப் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தார். "பதினோரு சுத்து. வேகம் கொறைஞ்சிச்சா பாரு."

"இன்னொரு காது கிடக்குதே."

"காது எங்க போகுது?"

பந்தியில் பாயசம் வரும் நேரம் ஜீப் முனகிக்கொண்டு நின்றது. சினேகா கண்ணைத் துடைத்துக்கொண்டு, இடது காதை ஆசாரி பக்கம் திருப்பினாள்.

"சீக்கிரம் குத்துங்க. அப்பா சார்ஜ் போடணும்."

ஓடிக் களைத்த ஆசாரிதான் உட்கார்ந்துவிட்டார். ஒரு செம்பு மோர் குடித்த பிறகே குத்தினார்.