அப்படியே செஞ்சு தர்றோம்

எங்கள் வீட்டில் போனுக்கென்று ஒரு இடம் உண்டு. தேயிலை மலையில், நோர்வூட் கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கிற வீடு. முன் அறை ஜன்னல் கம்பியில் ஒரு துணிப்பையில் அது தொங்கும். அங்கேதான் கவரேஜ். பத்து எட்டு நடந்து சமையலறைக்குக் கொண்டுபோனால் செத்துவிடும். நான் கேக் அடிப்பதோ சமையலறையில். ஆகவே மணிக்கு ஒரு தடவை மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வருவேன். வந்திருக்கும் ஓர்டர்களைச் சுவர்க் காலண்டரில் எழுதிவிட்டுத் திரும்புவேன். காலண்டரில் எழுதியதுதான் எனக்குச் சட்டம்.

மழை வந்தால் அந்த ஜன்னலும் கைவிட்டுவிடும். கரண்ட் போனால் டவர் போகும், டவர் போனால் என் கடை போகும். கடை என்றால் பலகை மாட்டிய கடை இல்லை, அந்தப் போன்தான் கடை. திரும்பி வரும்போது நாற்பது ஐம்பது மெசேஜ் ஒரேயடியாகக் கொட்டும். எது முக்கியம், எது காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூ என்று பிரிப்பதற்குள் அடுப்பில் ஏதாவது கருகும்.

இப்படி ஒருமுறை பதில் போட ஒரு நாள் பிந்தி, ஒரு கல்யாணக் கேக் ஹட்டனில் வேறொருத்தியிடம் போய்விட்டது. அந்த ஆத்திரத்தில்தான், சுயதொழில் வகுப்பில் சொல்லிக்கொடுத்த வசதியைப் போனில் போட்டுக்கொண்டேன். யார் மெசேஜ் அனுப்பினாலும், லைன் இருந்தால் போன் தானாகவே ஒரு பதில் போட்டுவிடும். வகுப்பில் கொடுத்த வாசகம், 'விரைவில் தொடர்பு கொள்கிறோம்.' பேங்கில் இருந்து பேசுகிற மாதிரி இருந்தது, எனக்குப் பிடிக்கவில்லை. நானே எழுதினேன்: "வணக்கம்ங்க! நீங்க சொன்னது கெடைச்சுது. அப்படியே செஞ்சு தர்றோம்." எழுதி முடித்து எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை. பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குப் போகவேண்டிய பிறந்தநாள் கேக்கை மத்தியான பஸ்ஸில் கொண்டக்டரிடம் கொடுத்து அனுப்பினேன். ஓர்டர் கொடுத்தவள் தேயிலைக் கொழுந்து எடுக்கும் ஒரு இளம் தாய். மூன்று வாரத்துக்கு முன் டவுனுக்கு வந்து நேரில் சொன்னாள். பட்டர் கேக், மேலே மஞ்சள் வண்ணத்துப்பூச்சி. மகளுக்கு ஐந்து வயது. போன வருஷம் காய்ச்சலில் மாதக்கணக்காக ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்த பிள்ளையாம். அதைக் கேட்டதால் வண்ணத்துப்பூச்சியின் இறக்கைக்கு நான் கூடுதலாகவே மெனக்கெட்டேன்.

நான்கு மணி இருக்கும். வேறு யாருடைய ஓர்டரையோ தேடி மெசேஜ்களைத் தள்ளிக்கொண்டே போனேன். வியாழக்கிழமை மழை விட்டு லைன் திரும்பியபோது கொட்டிய குவியலின் அடியில் அவளுடையது கிடந்தது. நான் திறந்தே பார்க்காதது.

"அக்கா, கோயில்ல காப்பு கட்டியாச்சு. இந்த வருஷம் நான் தீ மிதிக்கிறேன். கேக்குல முட்டை போடாதீங்க. பாப்பா எனக்குத்தான் மொதத் துண்டு ஊட்டுவா."

அதன் கீழே என் பதில். அப்படியே செஞ்சு தர்றோம்.

எட்டு முட்டை போட்டிருந்தேன்.

காப்புக் கட்டினால் மஞ்சள் நூல் கையில் ஏறியதிலிருந்து தீயில் இறங்கும் வரை விரதம். மச்ச மாமிசம் கூடாது, முட்டை கூடாது, காலில் செருப்புக் கூடாது. தீமிதி மறுநாள். பிள்ளை பிழைத்ததற்காக அம்மனுக்கு வைத்த நேர்த்திக்கடன் என்பது சொல்லாமலே விளங்கியது. விரதம் தவறி இறங்கினால் நெருப்புக் காலைச் சுட்டுவிடும் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். நீ நம்புகிறாயா என்று மற்ற நாளில் கேட்டால் சிரித்திருப்பேன். அந்த நிமிஷம் நம்பினேன்.

அவளுக்குக் கோல் எடுத்தேன். தொடர்புகொள்ள முடியாது என்று மூன்று மொழியிலும் ஒரு பொம்பளை பொறுமையாகச் சொன்னாள். மெசேஜ் போட்டேன். ஒரு டிக்கோடு நின்றது. கொண்டக்டருக்கு எடுத்தேன்.

"அப்பவே குடுத்துட்டேனே அக்கா. வெறுங்காலோட ஒரு தங்கச்சி வந்து வாங்கிட்டுப் போச்சு."

ஆறு மணிக்கு விளக்கு வைத்ததும் கேக் வெட்டுவதாக அவள் முதலிலேயே சொல்லியிருந்தாள். தெருமுனையில் நின்ற ஆட்டோவில் ஏறிக்கொண்டேன். பாதி வழியில் பனி இறங்கிவிட்டது. ஒரு வளைவில் கொழுந்து லொறி ஒன்று குறுக்கே நின்று மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தது. எங்களால் முன்னாலும் போகமுடியவில்லை, பக்கத்திலும் போகமுடியவில்லை. எண்ணி முடித்தாற்போல் இருக்கும், இன்னொரு மூட்டை வரும். ஐந்தே கால். ஐந்தரை. நான் இறங்கிப்போய்ச் சத்தம் போட்டேன். அவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, அவர்கள் பாட்டுக்கு ஏற்றினார்கள்.

ஆட்டோக்காரர் பின்னால் திரும்பி விஷயம் என்னவென்று கேட்டார். சொன்னேன்.

"இதுக்கா இந்த அவதி? கவரேஜ் இல்ல, மெசேஜ் வரலைன்னு சொல்லுங்க. இந்த மலையில அத யாரு இல்லைன்னு சொல்லப் போறாங்க?"

வெட்கத்தோடு சொல்கிறேன், அந்த யோசனை எனக்குப் பிடித்துவிட்டது. மிச்ச வழியெல்லாம் அதைத்தான் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

ஆட்டோ ஏறாத இடத்தில் இறங்கி, படிக்கட்டில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் நடு அறையில், அவள் காம்பிராவில், பலூன் கட்டியிருந்தது. உள்ளே பிள்ளைகள் கைதட்டிப் பாடும் சத்தம். வாசலில் செருப்பை உதறிவிட்டு நுழைந்தபோது வண்ணத்துப்பூச்சிக்கு ஒரு இறக்கைதான் இருந்தது. மற்றது சின்னவளின் கையில், அம்மாவின் வாய்க்கு நேரே. அம்மா குனிந்து வாயைத் திறந்திருந்தாள்.

"சாப்புடாதம்மா! முட்டை போட்டிருக்கு!"

பாட்டு நின்றது. அவள் பின்னால் நகர்ந்தாள். துண்டு தரையில் விழுந்தது. பிள்ளை வீரிட்டு அழ ஆரம்பித்தது. எனக்கு மூச்சு வாங்கியது. வாங்கிய மூச்சோடு, வழியெல்லாம் தயார் செய்ததையும் சொன்னேன்.

"கவரேஜ் இல்லம்மா. ஒன் மெசேஜ் எனக்கு வரவே இல்ல."

சுற்றி நின்றவர்கள் உடனே தலையாட்டினார்கள். ஆமாமா, இந்த மழையில எங்கிட்டு வரும், ஓடி வந்து சொன்னாங்களே அதுவே பெருசு என்றார்கள். ஒருவர் எனக்குத் தண்ணீர்கூடக் கொண்டுவந்தார்.

அவள் மட்டும் அலமாரியில் இருந்த போனை எடுத்துத் தேடி, என் பக்கம் நீட்டினாள்.

"பதில் போட்டிருக்கீங்களே அக்கா."

பொய் மூன்று நிமிஷம்கூட நிற்கவில்லை. எனக்கு முகமெல்லாம் சுட்டது. "அது நான் போட்டதில்லம்மா," என்றேன். "மெசேஜ் வந்திருக்கு, நாந்தான் பாக்கல. இது போன் தானாப் போடுறது. எல்லாருக்கும் போடும்."

"தானாவா?"

"ஆமா."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு எதையாவது சொல்லித் தப்பித்திருப்பேன். போனில் இருந்த அந்த வரியை இன்னொரு தடவை படித்தாள்.

"இங்க மேல பெரட்டுக் களத்துல மட்டுந்தான் கவரேஜ். காலையில பேர் குடுக்கிற எடம். அன்னைக்கு ரெண்டு மணி நேரம் மழையில நின்னேன் அக்கா. ஒத்த டிக்காவே இருந்துச்சு. இருட்டுறதுக்கு முன்னாடி ஒங்க பதில் வந்துச்சு. போனக் கண்ணுல ஒத்திக்கிட்டுத்தான் எறங்கினேன்."

நான் தரையில் விழுந்து கிடந்த துண்டைக் குனிந்து பொறுக்கினேன்.

கோயிலுக்காகக் கிண்டியிருந்த கேசரியில் மெழுகுவர்த்தியைக் குத்தி, பிள்ளையைச் சமாதானப்படுத்தினார்கள். அழுகை நிற்காமலே அது அம்மாவுக்கு ஒரு வாய் ஊட்டியது. விரத வீட்டில் அதை வைத்திருக்கக்கூடாது என்று கேக்கை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்கள். ஒற்றை இறக்கையோடு அதை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் உட்கார்ந்தேன்.

நோர்வூட் நெருங்கும்போது லைன் வந்தது. கைப்பைக்குள் போன் விடாமல் துள்ளியது. எடுத்துப் பார்த்தேன். யாரோ மூன்று பேர் ஏதோ கேட்டிருந்தார்கள். என்ன கேட்டார்கள் என்று நான் படிப்பதற்கு முன்பே, மூன்று பேருக்கும் அது சொல்லி முடித்திருந்தது, அப்படியே செஞ்சு தர்றோம் என்று.